ஓரத்தில் குத்திய ஊசி

கூடு இன்னும் சூடாக இருந்தது.

நேற்றுச் சுட்டுப் பார்த்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் தட்டில் கிடந்தன. மதியம் மான்கறி சூப்பைக் குடித்து, சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மலைப்பக்கம் பனி விழத் தொடங்கியதைச் சமையலறை ஜன்னலில் நின்று கொஞ்சநேரம் பார்த்த பிறகுதான் நாரிஸ் பட்டறைக்கு இறங்கி வந்திருந்தார். வீட்டுக்கு அடியில் இருந்த அந்தப் பட்டறையில் இன்று அடுப்பு மூட்டவில்லை. லேத் எண்ணெயும் இரும்புத் தூளும் கரிந்த வெடிமருந்தும் சேர்ந்த பழைய வாடை குளிரில் உறைந்து நின்றது. தட்டில் கைவிட்டால் விரல் மரத்துப்போகிற அளவுக்கு எல்லாக் கூடுகளும் சில்லிட்டிருக்க, இது ஒன்று மட்டும் இப்போதுதான் துப்பாக்கியிலிருந்து தெறித்து விழுந்ததுபோல் உள்ளங்கையைச் சுட்டது.

அவர் அதை விளக்கடியில் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தார். கூட்டின் அடியில் பதித்திருக்கும் சிறு வட்டமான 'கேப்' மூடியைத் துப்பாக்கியின் ஊசி குத்தினால்தான் வெடிமருந்து பற்றும். குத்திய இடத்தில் ஒரு குழி விழும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு குத்து உண்டு. தெரிந்தவனுக்கு அது கைரேகை மாதிரி. நாரிஸ் கட்டியிருந்த புதுத் துப்பாக்கியின் ஊசி நட்டநடுவில் குத்தும். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. தட்டில் கிடந்த மற்ற கூடுகளில் எல்லாம் குழி நடுவில்தான் இருந்தது.

இதில் ஓரத்தில் இருந்தது. பாதி வெட்டிய நிலாபோல.

அந்தக் குத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். இருபது வருடம் கேலி செய்த குத்து.

"உன் துப்பாக்கிக்கும் உன்னை மாதிரியே ஒண்ணரைக் கண்ணுடா" என்பார் நண்பன் டெல்பர்ட்டிடம்.

"சாகுற மானுக்கு அது தெரியவா போகுது? நீ வாயை மூடிக்கிட்டுக் காப்பியக் குடி" என்பான் டெல்பர்ட்.

கடையில் கிடைக்கிற தோட்டா டெல்பர்ட்டுக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. கூட்டின் தோளைக் கொஞ்சம் நிமிர்த்தி, கழுத்தைக் கொஞ்சம் இறுக்கி, தனக்கென்று ஒரு தோட்டாவை வரைந்தான். அது உட்காரும் அறையைக் குழலுக்குள் குடைவதற்கு ஒரு ரீமரைச் சொல்லிச் செய்து வாங்கினான். சாதாரணக் கூட்டை அந்த அறையில் வைத்து ஒருமுறை சுட்டால் பித்தளை உப்பி அறையின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். அப்புறம் அது வேறெந்தத் துப்பாக்கியிலும் நுழையாது. அப்படிப்பட்ட அறை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. போன இலையுதிர்காலத்தில் டெல்பர்ட் அந்தத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எல்க் மான் வேட்டைக்கு முகட்டுக்கு ஏறினான். பனி வந்தது. ஷெரிஃபின் ஆட்கள் நாய்களோடு தேடினார்கள், ஹெலிகாப்டர் வந்தது. ஆளும் கிடைக்கவில்லை, துப்பாக்கியும் கிடைக்கவில்லை.

ரீமர் மட்டும் கிடைத்தது, அவன் மேசை டிராயரில்.

"பல் விளக்குற பிரஷையும் ரீமரையும் எவனுக்கும் கடன் குடுக்கக்கூடாது" என்று டெல்பர்ட் ஒருநாள் சொல்லியிருந்தான். சிரித்துக்கொண்டு ஆரம்பித்தவன் சிரிக்காமல் முடித்தான். "நான் போயிட்டா அதைக் கல்லுல வச்சு மொண்ணையாக்கிடு நாரிஸ். இந்த அறை என்னோட முடியணும். கை குடு." நாரிஸ் கை கொடுத்தார். வசந்தத்தில் அவன் மனைவி ஓடெட் எண்ணெய்த் துணியில் சுற்றி ரீமரைக் கொண்டுவந்து தந்தபோது அரவைக்கல்லைச் சுழலவும் விட்டார். ஆனால் ரீமரை அதில் வைக்கவில்லை. அத்தனை நேர்த்தியான வெட்டு. பாழாக்க மனம் வரவில்லை. மகள் லிண்டிக்கு ஒரு துப்பாக்கி கட்ட வேண்டியிருந்தது. செத்தவனுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டு, அதே ரீமரால் அதன் அறையைக் குடைந்தார்.

அந்தத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டுதான் லிண்டி காலையிலேயே முகட்டுக்குப் போயிருந்தாள்.

நாரிஸ் கூட்டை மேசைமேல் வைத்தார். டெல்பர்ட்டின் பழைய கூடு ஏதோ தட்டில் கலந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சூடு? விளக்கின் சூடாக இருக்கும். ஆனால் தட்டு விளக்கடியில் இல்லை, ஜன்னலோரம் இருந்தது. ஜன்னலின் உள்பக்கக் கண்ணாடியில் பூத்திருந்த உறைபனி தட்டு இருந்த இடத்துக்கு நேராக மட்டும், ஒரு ஆள் முகம் வைத்து மூச்சு விட்டதுபோல், வட்டமாக உருகி வழிந்திருந்தது.

அப்போதுதான் அந்த வாசனை தெரிந்தது. முதலில் மெலிதாக, பிறகு மூக்கைத் துளைத்துக்கொண்டு. இனிப்பான, தலையைக் கிறக்குகிற, பெண்கள் அறையில் வருகிற வாசனை. நெயில் பாலிஷ்.

அந்த வீட்டில் நெயில் பாலிஷ் இல்லை. லிண்டி மிசூலாவில் ஆஸ்பத்திரி நர்ஸ், நகத்தை ஒட்ட வெட்டுகிறவள். டெல்பர்ட்தான் ஓடெட்டின் சிவப்பு நெயில் பாலிஷைத் திருடிக்கொண்டு வந்து தன் தோட்டாக்களின் கேப்பைச் சுற்றி ஒரு கோடு போடுவான், மழை ஈரம் உள்ளே இறங்காமல் இருக்க. வேண்டாத வேலை என்று நாரிஸ் ஒருநாளும் செய்ததில்லை.

மேசை ஓரத்தில் ஒரு சிவப்புத் துளி இருந்தது. விரலால் தொட்டார். காயவில்லை.

மேசையின் மூலையில், தூசி படாமல் துண்டு போர்த்தியிருந்த மரக்கட்டையை நோக்கி அவர் கை போனது. போக விரும்பாமல் போனது. நேற்று லிண்டிக்காக ஒவ்வொன்றாக மருந்தை நிறுத்து, கொட்டி, முனையில் ஈய ரவையை அழுத்தி அவர் செய்த தோட்டாக்கள் அந்தக் கட்டையின் குழிகளில் நின்றன. காலையில் லிண்டி வந்து கேட்டபோது, பல்லில் பிரஷோடு மாடியிலிருந்தே, "மேசைமேல இருக்கு, டப்பால போட்டு எடுத்துக்க" என்று கத்தியிருந்தார். அவளும், "ஏற்கெனவே டப்பாலதான் இருக்குப்பா, நான் கிளம்புறேன்!" என்று கத்திவிட்டுப் போனாள்.

துண்டை விலக்கினார்.

அவர் செய்த தோட்டாக்கள் எல்லாம் அப்படியே நின்றன. ஒன்றுகூடக் குறையவில்லை.

அப்படியென்றால் அந்த டப்பாவில் இருந்தது என்ன?

கையால் தோட்டா செய்கிறவர்கள் நடுவில் ஒரு சட்டம் உண்டு. அண்ணன் தம்பியாக இருந்தாலும் அடுத்தவன் அடைத்த தோட்டாவைச் சுடாதே. உள்ளே எந்த மருந்து, எவ்வளவு மருந்து என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். தப்பான மருந்து என்றால் துப்பாக்கி முன்னால் சுடாது, பின்னால் வெடிக்கும். கன்னத்தை ஒட்டி வைத்திருக்கிறவன் முகத்தில். லிண்டிக்கு எட்டு வயதிலேயே அவர் சொல்லிக்கொடுத்த சட்டம் அது. அவள் மீறமாட்டாள். அப்பா செய்தது என்று நம்பித்தான் எடுத்துப் போயிருக்கிறாள்.

போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார். போகவில்லை. மறுபடி. போகவில்லை. பள்ளத்தில் இருந்தால் சிக்னல் வராது, முகடு ஏறினால்தான் வரும். வண்டிச்சாவியைத் தேடிக்கொண்டே, ஏன் என்று தெரியாமல், ஓடெட்டைக் கூப்பிட்டார்.

"ஓடெட், இன்னிக்கு யாராவது என் வீட்டுப் பக்கம் வந்தாங்களா? உனக்கு எதாவது…"

"என்னப்பா, ஓடி வந்தவன் மாதிரி மூச்சு வாங்குது? நல்லாத்தானே இருக்க?"

"நல்லாத்தான் இருக்கேன். உன் நெயில் பாலிஷ் எங்க இருக்கு?"

"அதை ஏன் நீ கேக்குற?" ஓடெட்டின் குரல் இறங்கிவிட்டது. "காலையிலேர்ந்து அந்தச் சிவப்புப் புட்டியக் காணோம். வாஷ்பேசின் பூரா பைன் மரத்து ஊசியிலை. ஈரமா. நான் கதவையே தொறக்கல நாரிஸ்." பிறகு, "அந்த ரீமரை அரைச்சிட்டதானே? அரைச்சிட்டேன்னு சொன்னியே?"

அவர் சாவியைத் தேடுவதை நிறுத்தினார்.

"அடப்பாவி" என்றாள் ஓடெட், சத்தமே இல்லாமல். "அவன்கிட்ட கை குடுத்தியேடா."

அவருக்குப் பின்னால் ஏதோ அசைந்தது.

மேசையில் திருகி நிற்கும் பிரஸ்ஸின் கைப்பிடி அது. ரவையைக் கூட்டுக்குள் அழுத்துகிற நீண்ட இரும்புப் பிடி. வேலை முடிந்தால் எப்போதும் மேலே தூக்கி விட்டுவிடுவார். இப்போது கீழே இருந்தது. பிடியின் கருப்புக் குமிழில் ஈரம். அதிலிருந்து ஒரு சொட்டு, மெதுவாகக் கீழே இறங்கி, தரையில் விழுந்தது. பனி உருகிய தண்ணீர். தரையில் அதற்குள் ஒரு சிறு குட்டை தேங்கியிருந்தது. ஒரு ஆள் பனியில் நனைந்து வந்து மேசைமுன் வெகுநேரம் நின்றால் தேங்குகிற அளவு.

நாரிஸுக்கு ஓட வேண்டும் என்று தோன்றியது. அறுபது வயதில், சொந்தப் பட்டறையில், இருட்டுக்குப் பயந்த குழந்தைபோல் நின்றார்.

"டெல்பர்ட்" என்றார். "நான்தான்டா தப்புப் பண்ணேன். அவளை விட்டுடு. ரீமரை இப்பவே அரைச்சிடறேன். இப்பவே."

டிராயரை இழுத்தார். எண்ணெய்த் துணி இருந்தது. பிரித்தார்.

துணிக்குள் ஒன்றுமில்லை. பைன் ஊசியிலைகள்தான்.

போன் அடித்தது. லிண்டி.

"அப்பா." கிசுகிசுப்பு. காற்றின் இரைச்சல். "மெதுவாப் பேசு. எதிர்ல ஆண் எல்க் நிக்குது. அப்பா, எவ்ளோ பெரிய கொம்பு தெரியுமா! ஏன் இத்தனை தடவை கூப்பிட்ட?"

"லிண்டி, சுடாத. தோட்டாவை எடு. வெளிய எடு."

"என்னது? காத்துல கேக்கல."

"சுடாத! அது நான் செஞ்சது இல்ல!"

"நீ செஞ்சது அழகா இருக்குப்பா. அது என்ன புதுசா, பொம்பளைப் பிள்ளைக்குன்னு சிவப்புப் பூச்சு?" அவள் சிரிப்பை அடக்குவது கேட்டது. "இரு. மேல யாரோ உக்காந்திருக்காரு."

அவர் போனைக் காதோடு அழுத்தினார்.

"ஆரஞ்சுத் தொப்பி. பனி முழங்கால் வரைக்கும் மூடியிருக்கு, தட்டிவிடாம உக்காந்திருக்காரு பாரேன். தனக்கு வேணாம், நீ சுடுன்னு கையக் காட்டுறாரு. நல்ல மனுஷன்."

"லிண்டி, அவனைப் பாக்காத. துப்பாக்கியைக் கீழ வை. லிண்டிம்மா. கீழ வை!"

"போனைப் பையில வைக்கிறேன்பா. கட் பண்ணல, நீயும் கேளு."

துணி உரசும் சத்தம். அவர் கத்தினார். பெயர் சொல்லிக் கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார். பையின் இருட்டுக்குள் கத்தினார்.

காற்று. அவள் மூச்சு. ஒன்று இழுத்தாள். பாதி விட்டாள். அவர் சொல்லிக்கொடுத்தபடியே.

பிறகு ஒன்றுமில்லை. வெடிச்சத்தம் இல்லை. காற்றும் இல்லை. போன் செத்துக் கிடந்தது.

பட்டறை அமைதியாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது.

பிரஸ்ஸின் கைப்பிடி மேலே ஏறியது. தானாக. நிதானமாக. வேலை முடிந்தவன் தூக்கி விடுவதுபோல்.

தட்டில் ணங் என்று ஒரு சத்தம்.

அவர் பார்க்க விரும்பவில்லை. பார்த்தார். ஒரு கூடு, மற்றவற்றின்மேல் உருண்டு, நின்றது. கழுத்திலிருந்து அடிவரை கிழிந்திருந்தது. பித்தளை வாழைப்பூ மடல்போல் வெளியே பிளந்து நின்றது. அதிலிருந்து புகை நூலாக ஏறியது.

குறட்டால் எடுத்துத் திருப்பினார். கேப்பில் குழி.

நட்டநடுவில்.

கூடு முழுக்கச் சிவப்பு. நெயில் பாலிஷ்தான், நெயில் பாலிஷ்தான் என்று சொல்லிக்கொண்டே, விரலால் அதைத் தொட்டு, மூக்கருகே கொண்டுபோனார்.

வெதுவெதுப்பாக இருந்தது. நெயில் பாலிஷ் வாசனை வரவில்லை.