மொக்கத்தாய்க்கு விலக்கு இல்லை

காலையில் முகம் கழுவியதும் அங்கயற்செல்வி செவிமணியை மாட்டிக்கொள்வாள். மதுரையில் எல்லோர் காதிலும் அது இருந்தது. பொருள் பதிவான சொல்லை யார் சொன்னாலும், சொன்னவரின் குரலிலேயே, பதிவான பொருளாக மாற்றிக் காதில் போடும். வழக்கு, வைத்தியம், போக்குவரத்து எல்லாவற்றையும் இயந்திரங்கள் பேச்சைக் கேட்டு நடத்தத் தொடங்கியபின், ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் அவை தடுமாறின. இயந்திரங்களைத் திருத்துவதைவிட மனிதர்களைத் திருத்துவது எளிதாக இருந்தது. ஒருபொருள் சட்டம் அப்படித்தான் வந்தது.

அவள் வேலை சொற்சலிப்புக் கூடத்தில். ஊர்ஊராகப் பதிவான பேச்சைக் கேட்டு, ஒரு சொல்லுக்கு அதிகம் புழங்கும் பொருளை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவற்றை நீக்க வேண்டும். நீக்கியதற்குக் ‘கழிவு’ என்று பெயர். அந்தப் பெயரைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் அவள் பார்வையைத் திருப்பிக்கொள்வாள்.

அன்றைக்கு வந்த சொல் ‘மொக்க’. சென்னையில் ஒருவன், “படம் செம மொக்க” என்றான். ஒரு தச்சர் உளி மொக்கையாகிவிட்டது என்று அலுத்துக்கொண்டார். மதுரையில் ஒருத்தி, “பந்தியில உக்காந்து நல்லா மொக்குனான்” என்று சிரித்தாள். தேனிப் பக்கம் ஒரு கிழவர் பெரிய பாறையை மொக்கக் கல்லு என்றார். எல்லாம் எங்கிருந்து கிளைத்தன என்பதில் வல்லுநர்கள் அடித்துக்கொண்டார்கள். மழுங்கிய கத்தியிலிருந்து என்றார் ஒருவர். பூவின் மொக்கிலிருந்து என்றார் இன்னொருவர். எண்ணிக்கையில் சென்னைப் பையன்கள்தான் ஜெயித்தார்கள். பதிவாகப் போகும் பொருள்: ‘தரமற்ற’.

ஆட்சேபம் சொல்ல ஒரே ஒருத்திதான் வந்திருந்தாள். உசிலம்பட்டியில் ஆம்புலன்ஸ் ஓட்டுபவள். பெயர் மொக்கத்தாய். கணவனையும் மகளையும் வெளியே உட்கார வைத்துவிட்டு, காக்கிச் சட்டையோடு உள்ளே வந்து நின்றாள்.

“எங்க பக்கம் மொக்கன்னா பெருசு, கனமானதுங்க. பொறக்கையில கொழுகொழுன்னு இருந்தேன்னு ஆசையா வச்ச பேரு. இனி யாரு என்னைய கூப்பிட்டாலும் ‘தரமற்ற தாய்’னுதான கேக்கும்? எம் மக காதுல அதுவா விழணும்?”

துணை இயக்குநர் தயாபரன் குச்சியால் பல் குத்திக்கொண்டிருந்தார். குச்சியின் நுனியில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். “பேரை மாத்திக்கங்கம்மா. நாங்களே நல்ல பேரா தர்றோம்.”

“எங்க கொலசாமி பேரு மொக்கச்சாமி. அவரையும் மாத்துவீகளா?”

“சாமிக்கு விலக்குக் குடுத்தாச்சு. கும்பிடுற கூட்டம் பெருசு, பிரச்சனை ஆயிரும். உங்க பேருல எத்தனை பேரு இருக்கீங்க? விரல்விட்டு எண்ணிரலாம்.”

மொக்கத்தாய் திரும்பி அங்கயற்செல்வியைப் பார்த்தாள்.

“சார், நானும் அந்தப் பக்கந்தான்,” என்றாள் அங்கயற்செல்வி. “அவங்க சொல்ற பொருள் நெசமாவே இருக்கு. எங்கம்மா வாயிலயே கேட்டிருக்கேன். சாமிக்குக் குடுக்கிற விலக்க மனுஷிக்கும் குடுங்க.”

“ஒண்ணுக்குக் குடுத்தா நாளைக்குத் தெருவே வந்து நிக்கும். கைரேகை வைங்க.”

“நான் வைக்கல சார்.”

தயாபரன் சலித்துக்கொள்ளக்கூட இல்லை. பல்குச்சியை மேசைமேல் வைத்துவிட்டு, எச்சில் ஈரம் காயாத அதே விரலைத் திரையில் அழுத்தினார். சொல் அந்த நொடியே எல்லாச் செவிமணிகளிலும் பதிவானது. அந்த விரல் தடத்தைத்தான் அங்கயற்செல்வி பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அது பளபளத்தது.

வெளியே வந்தபோது மொக்கத்தாய் நடைவழியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நடந்தது எதுவும் அவள் கணவனுக்குத் தெரியாது. வழக்கம்போலக் கூப்பிட்டான். அங்கயற்செல்வியின் காதில் அவன் குரல் விழுந்தது:

“தரமற்ற தாயே, வா போவோம்.”

சின்னப்பெண் அவன் கையை உதறினாள். “ஏம்ப்பா அம்மாவ வையிற?”

அவன் ஒன்றும் புரியாமல் விழித்தான். மகள் அழ ஆரம்பித்தாள். மொக்கத்தாய் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தாள்.

அங்கயற்செல்விக்குப் பொறுக்கவில்லை. எப்படியாவது ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று படியிறங்கி ஓடினாள்.

“மொக்கத்தாய், கொஞ்சம் நில்லுங்க. என்னைய மன்னிச்சிருங்க.”

சொன்ன பிறகுதான், எதிரே இருப்பவள் காதில் என்ன விழுந்திருக்கும் என்று உறைத்தது. மொக்கத்தாய் நின்றாள். திரும்பினாள். தோளில் கிடந்த மகளும் தலை தூக்கிப் பார்த்தாள்.

“உள்ள எனக்காகப் பேசுனீகளேன்னு நெனச்சேன்,” என்றாள் மொக்கத்தாய். “எப்பிடிக் கேக்கும்னு தெரிஞ்சும் அந்தப் பேரச் சொல்றீகளே, நீங்களுமா?”

“இல்ல, நான் வந்து…” அங்கயற்செல்வி காதைத் தொட்டுக் காட்டினாள். எந்தப் பெயரைச் சொல்லி விளக்குவது?

மொக்கத்தாய் காறி அவள் காலடியில் துப்பினாள். பிறகு மகளின் காதைக் கையால் பொத்திக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள். அங்கயற்செல்வியின் பாதத்தில் எச்சில் தெறித்திருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.