ஷாஃப்டில் தொங்கிய கனம்

என்ஜின் அணைந்த பிறகும் படகின் புரொப்பல்லரைச் சுழற்றும் ஷாஃப்டில் முறுக்கு குறையவில்லை. பட்டறையில் தனியாக லேப்டாப் முன்னால் இருந்த என்ஜினியர் ஷெர்லின் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். அவள் கணவன் மெல்வின் துறைமுக வாய்க்கு வெளியே விசைப்படகை வெள்ளோட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். ஷாஃப்டில் அவள் கையாலேயே ஒட்டிய, இரும்பின் திரிபை அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜ்கள் மூன்றும் அங்கிருந்து அளவுகளை லேப்டாப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தன.

அந்த ஷாஃப்ட் முழுகிப்போன ஒரு படகிலிருந்து எடுத்தது. அதன் டிரைவர் செல்வதுரை, புரொப்பல்லரில் சிக்கிய வலையை அறுக்கக் குதித்தவர், மேலே வரவேயில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதை நம் படகில் பூட்ட வேண்டாம் என்று ஷெர்லின் தலைபாடாக அடித்துக்கொண்டாள். மெல்வின் கேட்டால்தானே! "இரும்புக்கு என்னளா தெரியும்?" என்று சிரித்தான்.

போன் போட்டாள். "என்ஜின் ஆஃப்தானே?"

"எப்பவோ அணைச்சாச்சு. ஷாஃப்ட் சும்மா நிக்கு. ஏன்?"

வெறும் முறுக்கு என்றால் முதன்மைத் தகைவு, அதாவது இரும்பு அதிகமாக இழுபடும் திசை, நாற்பத்தைந்து பாகையில் இருக்கவேண்டும். இது சரிந்து கிடந்தது. அப்படியென்றால் வளைவும் சேர்ந்திருக்கிறது. மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று ஓய்ந்து புழுங்கிய பட்டறைக்குள், கிரீஸ் வாடையை மீறி எங்கிருந்தோ அழுகிய பாசி நாற்றம் எழும்பி மூக்கில் அப்ப, அவள் முறுக்கையும் வளைவையும் தனித்தனியாகப் பிரித்துப் போட்டாள். வந்த விடையை இரண்டு தரம் சரிபார்த்தாள். புரொப்பல்லர் நுனியில் ஓர் ஆள் கனம் தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கியபடியே, ஈரத்துணியைப் பிழிவதுபோல், ஷாஃப்டைத் திருகிக்கொண்டிருந்தது.

"இங்க பாருங்க, ஷாஃப்ட்ல என்னமோ தொங்குது," என்று உளறிவிட்டாள்.

"வலை ஏதும் மாட்டியிருக்கும். இரு, இறங்கி அறுத்துட்டு வாரேன்."

"ஐயோ, இறங்காதீங்க! மாதா மேல சத்தியமா இறங்காதீங்க!"

போன் பலகையில் விழுந்த சத்தம். தண்ணீர்ச் சத்தம். பாவி, சொல்லித் தொலைத்தேனே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

திரையில் வளைவு ஆடியது. குறைந்தது. சுத்தமாகப் பூஜ்யம்.

"சேசுவே..." வலைதான். வெறும் வலைதான்.

படகில் கூடப் போயிருந்த மெல்வினின் தம்பி இனிகோ போனை எடுத்தான். "மைனி, அண்ணன் இன்னும் மேல வரல. குமிழியும் நின்னுட்டு."

வளைவு மறுபடி ஏறியது. ஓர் ஆள் கனம். நிற்கவில்லை. இன்னும் ஏறியது.

இரண்டு ஆள் கனம்.

"ஏலே இனிகோ, நீ இறங்காதலே!"

"மைனி, என்ஜினை யாரும் தொடல. ஷாஃப்ட் தானா சுத்துது."

திரையில் வளைவு ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. நுனியில் தொங்கிய இரண்டு பேரும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.