உள்ளே அசைவு

கடைக்காரர் பெட்டியைப் பிரித்து ஹார்ட் டிஸ்கை அவன் கையில் கொடுத்தபோது உள்ளே ஏதோ நகர்ந்தது. மிகச் சின்னச் சத்தம். தீப்பெட்டிக்குள் மிஞ்சிய ஒற்றைக் குச்சி புரள்வதைப் போல. வாசலுக்கு வெளியே பேருந்துகள் இரைந்துகொண்டிருந்த அந்த மாலை நேரத்தில் வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. அவனுக்குக் கேட்டது. பதினாறு வருடமாக அவன் பார்த்துவந்த வேலை அப்படி. மருந்துக் கிடங்கில் லாரியிலிருந்து இறங்கும் பெட்டிகளை எண்ணி, மேலே ஒட்டியிருக்கும் பெயரைப் பட்டியலோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே டிக் அடிப்பவன். முத்திரை உடையாத பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். குலுங்கினால், பட்டியலின் ஓரத்தில் 'உள்ளே அசைவு' என்று இரண்டு சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அதோடு அவன் பொறுப்பு முடிந்தது.

"உள்ள ஏதோ ஆடுதே," என்றான்.

"தூரத்துலேர்ந்து வந்த சரக்கு சார், லேசா ஆடத்தான் செய்யும். ரெண்டு டெரா. பேர் போன கம்பெனிக்காரன் இந்த விலைக்கு இதுல கால்வாசி தருவான். ஒரு யானைக்குட்டியையே உள்ள போட்டு வைக்கலாம்."

"யானைக்குட்டி எனக்கு எதுக்குத் தம்பி," என்றாள் அவன் மனைவி. "என் வாய் இதுல அடங்குமா, அதைச் சொல்லுங்க."

"ஒன்பது வருஷமா என்னாலயே அடக்க முடியல," என்றான் அவன். "இந்த டப்பாவா அடக்கப் போகுது."

மூன்று பேரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பின் முடிவில் மட்டும் ஒரு கரகரப்பு இருந்தது. ஆனாலும் அது சாதாரணச் சிரிப்புதான். அவனுக்கு நினைவிருக்கும் கடைசிச் சாதாரணச் சிரிப்பு.

அவளுக்குத் தொண்டையில் கட்டி. அறுவை சிகிச்சைக்கு இன்னும் பதினெட்டு நாள். உயிரைக் காப்பாற்றப் பார்க்கிறோம், குரலைக் கேட்காதீர்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தொலைபேசியில் ஊரார் புகாரையெல்லாம் கேட்டுச் சமாதானம் சொல்லிச் சம்பளம் வாங்கியவள், குரல் போகுமுன் அதை மகளுக்காகச் சேர்த்துவைக்க முடிவு செய்தாள். மகளுக்கு அப்போது ஆறு வயது. வீட்டில் அவளை மிளகு என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னது, ஆனால் காரம்.

படுக்கையறைச் சுவரோரம் போனை நிறுத்திவைத்து அவள் பதினெட்டு நாள் பேசினாள். ஒவ்வொரு வீடியோவுக்கும் அவளே பெயர் வைத்தாள். 'ஏழாவது பிறந்தநாள்', 'எட்டாவது பிறந்தநாள்' என்று இருபத்தைந்து வரை. 'முதல் பல் விழுந்தால்'. 'அப்பா கோபமாக இருந்தால்'. 'தோழி பேசாமல் போனால்'. சிலவற்றுக்கு 'சும்மா' என்று மட்டும். போன் நிரம்ப நிரம்ப, அவன் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாவற்றையும் அந்தக் கறுப்பு டப்பாவுக்கு மாற்றுவான். அதன் முனையில் ஒரு நீல விளக்கு மினுக்கும். பெயர்களை அவள் எழுதிய தாளோடு ஒப்பிட்டு, டிக் அடித்து, போனைக் காலி செய்வான்.

"ஒண்ணு திறந்து பாத்திருக்கலாமேங்க," என்று ஒருநாள் கேட்டாள்.

"பாத்தா அழுவேன். இவ வளந்தப்புறம் சேந்து பாக்கலாம். கணக்கு டாண்ணு இருக்கு, கவலைப்படாதே."

அவள் கவலைப்படவில்லை. இருநூறு வீடியோக்கள். இருநூறு டிக்.

அறுவைக்குப் பிறகு அவள் ஐந்து வாரம்தான் உயிரோடு இருந்தாள், மருத்துவமனையிலேயே. கழுத்தில் ஒரு குழாய்; அதன் வழியே மூச்சு 'ஸ்ஸ்' என்று போய் வரும். குரல் இல்லை. கூப்பிட வேண்டுமென்றால் கட்டிலின் இரும்புக் கம்பியில் மோதிரத்தால் மூன்று முறை தட்டுவாள். அப்போதும் போனை எதிரே நிறுத்திவைத்து, வாயை அசைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். மணிக்கணக்காக. அவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை. பதினான்கு வீடியோ. அவற்றையும் அவன் மாற்றினான், எண்ணினான், டிக் அடித்தான். இருநூற்றுப் பதினான்கு.

அவள் போனபின் டப்பாவை அலமாரியில் அவளுடைய சால்வைக்கு அடியில் வைத்தான். எப்போதாவது அலமாரிக் கதவை இழுக்கும்போது உள்ளே அது புரளும் சத்தம் கேட்கும்.

ஏழு மாதம் கழித்து ஒருநாள் தலைவாரிக்கொண்டிருந்த மிளகு கேட்டாள்: "அப்பா, அம்மா எப்படிப் பேசுவாங்க? எனக்கு மறந்து போச்சு."

"பிறந்தநாளுக்குக் கேக்கலாம்டா. உனக்குன்னே பேசி வச்சிருக்காங்க," என்றான். அந்த ஒரு வாக்குறுதிதான் அந்த வீட்டில் மிச்சமிருந்தது.

பிறந்தநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதிய வெயில் ஜன்னல் திரையில் மஞ்சளாக நின்றது. மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். குழாயில் தண்ணீர் சொட்டியது. லேப்டாப் சூட்டில் பழைய தூசி கருகும் வாசம் வந்தது. மிளகு புதுச் சட்டையோடு அவன் மடியில் உட்கார்ந்தாள். டப்பாவை வயரில் மாட்டியதும் நீல விளக்கு மினுக்கியது. பெயர்கள் வரிசையாக வந்தன, ஒன்றுகூடக் குறையாமல். 'ஏழாவது பிறந்தநாள்' என்பதைத் திறந்தான்.

மருத்துவமனைக் கட்டில். கழுத்தில் குழாய். அவள் நேராகப் பார்த்தபடி வாயை அசைத்துக்கொண்டிருந்தாள். குரல் இல்லை. மூச்சு மட்டும். ஸ்ஸ். ஸ்ஸ்.

மாற்றித் திறந்துவிட்டோம் என்று நினைத்து அடுத்ததைத் திறந்தான். அதே கட்டில். 'முதல் பல் விழுந்தால்'. அதே குழாய். 'அப்பா கோபமாக இருந்தால்'. அதே வாய். 'சும்மா', 'சும்மா', 'சும்மா'. எல்லாவற்றிலும் அதே ஊமை வாய் அசைந்தது. அவன் லேப்டாப்பை மூடப் போனான்.

"சரிம்மா," என்றாள் மிளகு, திரையைப் பார்த்து.

"என்னடா சொல்றே?"

"அம்மாதான் பேசுறாங்களேப்பா. உங்களுக்குக் கேக்கலையா?"

"என்ன பேசுறாங்க?"

"அவங்களுக்கு இடம் பத்தலையாம். என்கிட்ட கொஞ்சம் கேக்குறாங்க."

குழந்தை ஏதோ கற்பனை செய்கிறாள் என்று விட்டுவிட்டான். அந்த வாரம் முழுவதும் அவள் பள்ளி விட்டு வந்ததும் திரைமுன் போய் உட்கார்ந்தாள். தடுக்க மனம் வரவில்லை; குரல் இல்லாவிட்டாலும் முகம் இருக்கிறதே. புதன்கிழமை ஆசிரியை போன் செய்தார். "உங்க பொண்ணு வகுப்புல வாயே திறக்கறதில்லையே சார். சளியா?" மருத்துவர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். வியாழக்கிழமை அவள் 'அப்பா' என்று கூப்பிட்டது அடுத்த அறையிலிருந்து வந்ததுபோல் மெலிந்திருந்தது. அவள் அவன் அருகில்தான் நின்றாள்.

வெள்ளிக்கிழமை டப்பாவை எடுத்துக்கொண்டு, கெட்டுப்போன கருவிகளிலிருந்து தகவலை மீட்டுத்தரும் கடைக்குப் போனான். மெக்கானிக் ஒரு தட்டைக் கம்பியால் மூடியை நெம்பினார். உள்ளேயிருந்து ஒரு இரும்பு நட்டு மேசையில் விழுந்து உருண்டது.

"எடைக்காக ஒட்டி வச்சிருக்கான். பசை விட்டுப்போச்சு," என்றார். நகத்தளவு கார்டு ஒன்றைக் கிள்ளி எடுத்துக் காட்டினார். "சரக்கு இவ்வளவுதான். ரெண்டு டெரா எல்லாம் இல்ல சார், முப்பத்திரண்டு ஜிபி. கம்ப்யூட்டர்ல மாட்டினா ரெண்டு டெரான்னு பொய் காட்டுற மாதிரி எழுதி வச்சிருக்கான்."

"ஆனா எல்லாப் பேரும் இருந்துச்சே. நான் எண்ணிப் பாத்தேன்."

"பேர் இருக்கும். அதுதான் இதோட வேலையே. நிரம்பிடுச்சுன்னு சொல்லவே சொல்லாது. புதுசு வர வர, பழசு மேலயே எழுதிட்டுப் போகும். வாங்கின அன்னிக்கே ஒண்ணைத் திறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

உள்ளே அசைவு. அன்றைக்கே கேட்டது. யாரிடமும் எழுதிக் கொடுக்காத இரண்டு சொல்.

"கடைசியா எழுதினது மட்டுமாவது ஓடுதே," என்றான். "ஆஸ்பத்திரி வீடியோ. என் பொண்ணு தினமும் பாக்குறா."

மெக்கானிக் கார்டைத் தன் கணினியில் செருகினார். வெகுநேரம் தட்டினார். பிறகு நாற்காலியைத் திருப்பி அவனைப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே ஓடாது சார். எல்லாம் உடைஞ்சு கிடக்கு. ஒரு நிமிஷம்கூட ஓடியிருக்க வாய்ப்பில்ல."

அவன் கார்டையும் நட்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். மணி நாலரை. பள்ளி வேன் வந்துபோயிருக்கும். படியேறும்போது எதிர்வீட்டுப் பெண்மணி கதவைத் திறந்தார்.

"சாவி என்கிட்ட இருந்துச்சுல்ல, நான்தான் திறந்துவிட்டேன். ரொம்ப நேரமா பேச்சுச் சத்தம். பாப்பாக்குக் குரல் சரியாயிடுச்சு போல."

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. மருத்துவமனைத் தரையின் மருந்து வாசம். குழாய் சொட்டவில்லை. மேல்வீட்டில் சத்தமில்லை.

டக். டக். டக்.

சட்டைப்பையைப் பிடித்துப் பார்த்தான். நட்டு அங்கேதான் இருந்தது.

மிளகு லேப்டாப் முன் உட்கார்ந்திருந்தாள். முதுகு நேராக. வயர் மேசையிலிருந்து தொங்கியது. அதன் முனையில் எதுவும் இல்லை.

திரையில் அவள். கட்டில். குழாய். அசையும் வாய்.

"மிளகு."

குழந்தை திரும்பினாள். வாயைத் திறந்தாள். உதடு குவிந்து, விரிந்தது. அப்பா என்ற அசைவு. சத்தம் வரவில்லை. மூச்சு மட்டும். ஸ்ஸ். ஸ்ஸ்.

"அப்பா வந்துட்டாரு," என்றது திரை.

கட்டிலில் இருந்தவளின் வாய்தான் பேசியது. குரல் ஏழு வயதுக் குரல். காரமான, சின்ன, மிளகின் குரல்.

அவன் குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டான். அவள் விரல்கள் அவன் தோளில் மூன்று முறை தட்டின. திரையில் அந்த வாய் சிரித்தது. அந்தச் சிரிப்பில் கரகரப்பு இல்லை. அதற்குக் கீழே பெயர்கள் வரிசையாக நின்றன. பதினாறு வருடப் பழக்கம்; அவன் கண் தானாகவே எண்ணிக்கைக்குப் போனது.

இருநூற்றுப் பதினான்கு. ஒன்றுகூடக் குறையவில்லை.