ஜன்னலைப் பார்த்த தெருவிளக்கு

என் அப்பா செங்குட்டுவன் நெய்வேலி மைன்ஸில் மண் அள்ளும் ராட்சத மிஷினை ஓட்டுகிறார். அது எங்கள் குவார்ட்டர்ஸைவிட உயரம்! நம்பாதவர்கள் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

நைட் ஷிஃப்ட் என்றால் அப்பா சாயங்காலமே படுத்துத் தூங்கி, ராத்திரி எழுந்துதான் கிளம்புவார். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் குக்கர்கூட விசில் அடிக்காது. நான் வாய்க்குள்ளேயே பாடம் படிப்பேன்.

இந்த மாதம் எங்கள் தெருவுக்குப் புது எல்.இ.டி. விளக்குகள் வந்தன. எதிர்க் கம்பத்து விளக்கு எங்கள் ஜன்னலுக்குள்ளேயே வெள்ளை வெளேரென்று அடித்தது. அப்பா புரண்டு புரண்டு படுத்தார். அம்மா ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டார். காற்று வராமல் அறை வெந்தது.

மறுநாள் காலை வேலை முடிந்து வந்த அப்பா, ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"மிஷின்ல உட்காந்துகினு இருக்கும்போதே கண்ணு சொருகிடுச்சு."

அம்மாவுக்கு முகமே வெளுத்துவிட்டது.

"ஆபீஸ்ல சொல்லி அந்த லைட்டைக் கழட்டிடச் சொல்லணும்" என்றார் அம்மா.

பக்கத்து வீட்டுப் பார்வதி அத்தை பதறிப்போய் ஓடி வந்தார். "ஐயோ, வேணாம்மா! விடியக்காலம் இருட்டுல கேன்டீன் வேலைக்கு நடந்து போறேன். போன மாசம் பாம்பை மிதிக்கப் பார்த்தேன். இப்பதான் பயமில்லாம போறேன்!"

அவர் சொல்வதும் நியாயம்தானே?

அத்தை மகன் பிரவின்குமார் என் காதில் கிசுகிசுத்தான். "ஒரே கல்லு. லைட்டு காலி!"

"உன் குறிக்கு எங்க ஜன்னல்தான் உடையும். போடா!"

அன்று சாயங்காலம் அவன் என்னை வெறுப்பேற்ற, டார்ச்சை என் முகத்தில் அடித்தான்.

"டேய், கண்ணு கூசுது! மைன்ஸ்ல எதிர்ல ஆள் வந்தா டார்ச்சைத் தரைக்கு இறக்கிடுவாங்கன்னு எங்க அப்பா சொல்லியிருக்காரு. இறக்குடா!"

அவன் இறக்கினான். தரை பளிச்சென்று தெரிந்தது. என் கண் கூசவில்லை.

அட! நான் கம்பத்தை நிமிர்ந்து பார்த்தேன். மற்ற விளக்குகள் எல்லாம் சாலையைப் பார்த்தன. எங்கள் விளக்கு மட்டும் ஏரோப்பிளேன் வேடிக்கை பார்ப்பதுபோல் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தது.

தெருமுனையில் எலக்ட்ரீஷியன் அருண்பிரசாத் அண்ணனின் ஏணி வண்டி நின்றது. ஓடினேன்.

"அண்ணே, எங்க வீட்டு எதிர் லைட்டைக் கொஞ்சம் பாருங்கண்ணே."

"கழட்டணுமா? போடுன்னு ஒருத்தர், கழட்டுன்னு ஒருத்தர். என் பாடுதான் திண்டாட்டம்!"

"கழட்ட வேணாம்ணே. தலையை மட்டும் கீழே இறக்குங்க."

அவர் விளக்கைப் பார்த்தார். எங்கள் ஜன்னலைப் பார்த்தார். வண்டியைக் கம்பத்தடிக்குக் கொண்டுவந்து ஏணியில் ஏறிவிட்டார்.

நான் ஜன்னலில் நின்றேன். "இன்னும் கொஞ்சம்ணே... இன்னும்... போதும்!"

பிரவின்குமார் சாலையில் நின்று கத்தினான். "இங்க எறும்பு போறதுகூடத் தெரியுது!"

அம்மா போர்வையை எடுத்தார். காற்று வந்தது. கொஞ்ச நேரத்தில் அப்பாவின் குறட்டையும் வந்தது. அப்பப்பா! குறட்டை இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஷிஃப்ட் பஸ் வந்தபோது அப்பா துள்ளி ஏறினார்.

"என்னங்க, இன்னிக்கு மூஞ்சி தெளிவா இருக்கு?" என்றார் டிரைவர்.

"அந்த லைட்டைப் பாருங்க. எம் பொண்ணு பொற்கொடிதான் சரி பண்ண வெச்சா!"

அப்பாவின் குரல் தெருவுக்கே கேட்டது. பஸ்ஸில் இருந்த எல்லாரும் கம்பத்தை எட்டிப் பார்த்தார்கள்.

நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி நடந்துபோய், சரியாக அந்த வெளிச்சத்துக்குக் கீழே நின்றுகொண்டேன்.