செவலை வீசிய கன்று

விடிந்தும் செவலைப் பசு எழுந்திருக்கவில்லை. போட்ட வைக்கோல் அப்படியே கிடந்தது. கொட்டத்துக்குள் காலெடுத்து வைத்ததுமே, ரத்தமும் புளித்த பாலும் கலந்தாற்போல ஒரு வாடை வந்து மொக்கம்மாளின் தொண்டையில் ஒட்டியது. மாட்டுக்குப் பின்னால், ரோமம் சரியாக முளைக்காத கன்று கண்மூடி ஈரமாய்க் கிடந்தது. ஈனுவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

போடியிலிருந்து வந்த மாட்டு டாக்டர் கார்த்தி மாட்டின் ரத்தத்தைக் குப்பியில் எடுத்துக்கொண்டார்.

"கன்னுவீச்சு நோய் மாதிரி தெரியுதும்மா. செத்த கன்னுலதான் கிருமி நெறைய இருக்கும். மனுசருக்கும் தொத்தும். வெறுங்கையில தொடாம, ஆழமாக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் பொதைச்சிருங்க." வாசலில் நின்ற மருமகளைப் பார்த்ததும் அவர் குரல் தாழ்ந்தது. "மாசமா இருக்காங்களா? கொட்டத்துப் பக்கமே விடாதீங்க."

முத்துப்பிரியாவுக்கு இது மூன்றாவது கரு. முந்தின இரண்டும் தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவற்றை அவள் கண்ணில்கூடக் காட்டவில்லை.

"எங்க பொதைக்கப் போறீங்க அத்தை?"

"உனக்கெதுக்குத்தா அந்தச் சோலி? உள்ள போ."

கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, தோட்டத்துக் கோடியில் மொக்கம்மாளே புதைத்தாள். மகன் ஜீப்பில் போடிமெட்டுக்கு ஆள் ஏற்றிப் போயிருந்தான். கொட்டத்தைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் தூவி, அலுப்பில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

விழித்தபோது பொழுது மங்கியிருந்தது. மலையிலிருந்து இறங்கிய மேகம் ஏலக்காய்ச் சரிவை விழுங்கி, தென்னைகளைத் தாண்டி, முற்றம்வரை வந்து நின்றது. வீட்டுக்குள் மருமகளின் பாய் வெறுமையாய்க் கிடந்தது. தோட்டத்துக் கோடிக்கு ஓடினாள்.

குழி திறந்திருந்தது.

நாய் பிறாண்டிய மண் இல்லை. ஒரு பக்கமாக, பதமாக அள்ளி வைத்த மண். அதில் விரல் தடம். சின்ன விரல்கள்.

வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம். நிற்கும். மறுபடி ஊற்றும். கூடவே மெல்லிய முனகல். தாலாட்டு மாதிரி.

மொக்கம்மாள் சுவரோரமாய்ப் போனாள். சுவரைப் பிடித்தாள். எட்டிப் பார்த்தாள்.

துவைக்கிற கல்லில் முத்துப்பிரியா கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பிள்ளையைக் கிடத்துவதுபோல, காலின் மேல் அந்தக் கன்று. பக்கத்தில் வெந்நீர் ஆவி.

"அடியே! தொடாத! கீழ போட்ரு!"

"சத்தம் போடாதீங்க அத்தை," என்றாள் அவள் திரும்பாமலே. "இப்பத்தான் அழுகைய நிறுத்துச்சு."

அவள் முழங்கால்களுக்கு நடுவிலிருந்து, சுண்ணாம்பு படிந்த சின்ன நாக்கு ஒன்று நீண்டு, அவள் கட்டைவிரலை நக்கியது.