மூத்தவளுக்குப் பூசிய நிறம்

முந்தின நாள் பாடுபட்டுப் பூசிய நிறம், காலையில் படத்தின் இடது கன்னத்தில் மட்டும் இல்லை. நெற்றியும் மூக்கும் வலது கன்னமும் உயிரோடு இருப்பவளுடையதைப் போல மினுங்க, இடது பக்கம் காதிலிருந்து கழுத்துவரை கறுத்துக் கிடந்தது.

சேவ் பண்ண மறந்திருப்பேன், மறதிக் கழுதை என்று மஹதி தன்னையே திட்டிக்கொண்டாள். ஸ்டுடியோவுக்கு கம்ப்யூட்டர் வந்த புதுசு. தேவராஜ மார்க்கெட்டிலிருந்து மல்லிகையும் அழுகிய முட்டைக்கோசும் கலந்த வாசனை மழை ஈரத்தோடு உள்ளே வந்துகொண்டிருந்தது.

படத்தில் இருப்பவள் சொர்ணலதா. மஹதியைக் கட்டிக்கொள்ளப் போகும் ஜெயகிருஷ்ணனின் முதல் மனைவி. ஜுரத்தில் போனாளாம். இரண்டாந்தாரமாக வருகிறவள், மூத்தவளின் படத்துக்குப் புடவை சாத்திக் கும்பிட்ட பிறகுதான் தாலிக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். "கலர் படம் ஒண்ணும் மிஞ்சல. நீதானே இந்த வேலை பண்றே, நீயே கலர் குடுத்துடேன்" என்று கறுப்பு வெள்ளைப் படத்தை நீட்டிவிட்டுப் போயிருந்தான் அந்த மகராஜன். இவளோ செவ்வாய் தோஷக்காரி, முப்பதைத் தாண்டியவள். மூச்சு விட முடியுமா?

தோல் நிறத்துக்கு மஹதியிடம் ஒரு வழக்கம் உண்டு. தன் கையையே ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்துப் படமெடுத்து, அதிலிருந்து நிறத்தை எடுத்துப் பூசுவாள். செத்தவளுக்கும் அப்படித்தான் பூசியிருந்தாள்.

மறுபடி பூசினாள். பூசப் பூச, கறுப்பு அடியிலிருந்து ஊறி வந்தது. நிறமே வேண்டாம், தொலையட்டும் என்று முழுப் படத்தையும் செபியாவுக்கு மாற்றினாள். பழுப்புக்கு நடுவே அந்தக் கன்னம் கொப்பளித்திருந்தது. தோல் சுருண்டிருந்தது. மூக்கில் மண்ணெண்ணெய் நெடி ஏறியது. ஸ்டுடியோவில் ஸ்டவ்வே கிடையாது.

சாப்பாட்டுக் கேரியரோடு வந்த அம்மா விசாலாக்ஷி, திரையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அம்மா, அவ ஜுரத்துலதான் போனாளா?"

"இப்போ எதுக்குடீ அந்தப் பேச்சு? சும்னிரு, பேசாதே."

"அம்மா!"

"ஸ்டவ் வெடிச்சுடுத்து. யார் ஆத்துல வெடிக்கல? பத்திரிகை அடிச்சாச்சு மஹதி. இதுவும் நின்னுட்டா உன்னை யாருடீ கட்டிப்பா?"

தெரியும். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் தள்ளிவிடுகிறாள், பெற்றவள்.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. "மாப்ள வந்துட்டார்" என்று அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓடினாள்.

மெஷினில்தான் கோளாறு. அப்படித்தான் இருக்க வேண்டும். மஹதி வெறுங்கையை ஸ்கேனரில் கவிழ்த்தாள். வெளிச்சம் கண்ணாடிக்கு அடியில் ஊர்ந்தது. திரையில் படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

விரல்கள். கறுப்பு. மடங்கிச் சுருண்டவை.

புறங்கை. வெடித்த தோல்.

மணிக்கட்டு. அதில் மாங்காய் கோத்த ஒரு தங்க வளையல், சதைக்குள் புதைந்து. அப்படி ஒரு வளையல் அவளிடம் கிடையாது.

கையை இழுத்துப் பார்த்தாள். சுத்தமான கை. வெறுங்கை.

"அம்மா..."

அதற்குள் ஜெயகிருஷ்ணன் பக்கத்தில் வந்து நின்றிருந்தான். பின்னால் அம்மா, வாயெல்லாம் பல்லாக. அவன் திரையைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தபடி அவள் விரல்களைச் சேர்த்துப் பிடித்தான்.

"சொர்ணாவோடது. உனக்குச் சரியா இருக்கும்."

மாங்காய் கோத்த வளையல் மணிக்கட்டுக்கு இறங்கியது. அது சுட்டது.