பதினோராயிரம் பேரின் பஜ்ஜி

செங்கோடன் பல் துலக்கிய நினைவு தூத்துக்குடியில் இருந்தது. அதனால், "ஏனுங்க, பல்லு வெளக்கியாச்சுங்களா?" என்று பூவாத்தாள் கேட்டால், ஈரோட்டில் நிற்கும் அவர் மூன்று நொடி மோட்டுவளையைப் பார்த்துவிட்டுத்தான் "ஆச்சு" என்பார். ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய எல்லோரும் அப்படித்தான். வீடுகளில் ஒட்டடை அறவே ஒழிந்தது அந்தக் காலத்தில்தான்.

ஐம்பது வயதானால் நினைவுகளைக் கிடங்கில் ஏற்றிவிட வேண்டும். வேண்டியபோது காதோரச் சில்லு எடுத்துத் தரும். கிடங்கு என்றால் சர்வர்கள்தான். ஈரோடு, சேலம், தூத்துக்குடி என்று ஊருக்கொரு சர்வர் நிலையமாக மூன்று கணுக்கள். இரண்டு பேரின் நினைவேடுகள் புள்ளிக்குப் புள்ளி ஒன்றாக இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுவார்கள். அதற்குப் பொதுவேடு என்று பெயர். இடம் மிச்சம். பொதுவேடு எந்தக் கணுவில் இருக்கிறதோ அங்கிருந்துதான் வர வேண்டும்; தூத்துக்குடியிலிருந்து ஈரோட்டுக்கு மூன்று நொடி.

வினை அறுபதாம் கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது வந்தது.

"என்னையப் பொண்ணு பார்க்க வந்தன்னிக்கு நான் என்ன கலர் சேலைங்க?" என்றாள் பூவாத்தாள்.

மூன்று நொடி. மோட்டுவளை. "மஞ்சளு."

"கட்டுன பொண்டாட்டி நெனப்பு தூத்துக்குடியிலயா கெடக்குது? அதுவும் தப்பு! இதைச் சரி பண்ணாம நான் மணையில உக்காரமாட்டேன். பத்திரிகை அடிச்சா அடிச்சதுதான், நீங்க தனியா உக்காந்துக்குங்க."

கோளாறு கிடங்கில்தான் என்று அடித்துச் சொல்லி, செங்கோடன் அவளையும் கூட்டிக்கொண்டு அலுவலகம் போனார். அங்கிருந்த அலுவலர் ஜமீலா ஏட்டைத் திரையில் விரித்தாள். எவர்சில்வர் தட்டு. இரண்டு வாழைக்காய் பஜ்ஜி. பக்கத்தில் ஒற்றை முந்திரியோடு கேசரி. பெண்ணைக் காணோம்.

"கோளாறு ஒண்ணுமில்லைங்க சார். இந்த ஏட்டுக்குப் பதினோராயிரத்து நானூத்திப் பதினெட்டுப் பேர் பங்கு. எல்லாருமே பொண்ணு பார்க்கப் போனவங்க."

பூவாத்தாள் திரையையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். "மஞ்சளு எங்கிருந்து வந்துச்சுன்னு இப்பத் தெரியுது."

"இதை ஈரோட்டுக்கு மாத்திக் குடும்மா," என்றார் செங்கோடன், தரையைப் பார்த்தபடி.

"மாத்துனா மத்தவங்களுக்கு லேட்டாகுங்க. வாசிக்கிற வரைக்கும் இது எல்லாருக்கும் ஒண்ணுதான். நீங்க இதுல ஏதாச்சும் எழுதுனா மட்டும் உங்களுக்குன்னு தனிப்படி பிரிஞ்சு, உங்க கணுவுக்கு வந்துரும்."

"எழுத நான் எதையும் பார்க்கலையே!"

"அம்மாவோட ஏட்டைப் பார்க்கலாங்களா?" என்று பூவாத்தாளிடம் அனுமதி கேட்டாள் ஜமீலா. அந்த ஏடு இமைக்கும் முன் வந்தது. ஈரோட்டுக் கணு. பங்கு: ஒரே ஒருத்தி. திரையில் இளவட்டச் செங்கோடன், மீசையில் கேசரி, சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருக்க, உலகத்தை மறந்து மென்றுகொண்டிருந்தார். ஓரத்தில், காப்பித் தட்டு ஏந்திய இரண்டு கைகளும் கிளிப்பச்சை முந்தானையும்.

"இவ்வளவு நேரமா பார்த்துட்டு இருந்தே?"

"நீங்க தலையைத் தூக்கியிருந்தா நான் குனிஞ்சிருப்பேனுங்க. பஜ்ஜி புண்ணியத்துல ஆற அமரப் பார்த்தேன்," என்றாள் பூவாத்தாள். கோபமாகத்தான் சொன்னாள், வாய் மட்டும் ஒத்துழைக்கவில்லை.

செங்கோடன் எழுதுகோலை வாங்கி, பஜ்ஜித் தட்டுக்கு மேலே ஒரு கிளிப்பச்சைக் கோடு இழுத்தார். திரை சிமிட்டியது. பதினோராயிரத்து நானூற்றுப் பதினேழு பேர் பழைய ஏட்டோடு தூத்துக்குடியில் தங்கிவிட, அவருடையது பிரிந்து ஈரோட்டுக்கு வந்து, அவள் ஏட்டுக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை மணையில், மைத்துனன் "அன்னிக்கு என்ன கல..." என்று தொடங்குவதற்குள் செங்கோடன், "கிளிப்பச்சை!" என்று கத்தினார். மேளக்காரர் அதையே சைகையாக எடுத்துக்கொண்டு கெட்டிமேளம் கொட்டிவிட்டார்.

சத்தம் அடங்கியதும் பூவாத்தாள் காதோரம் கேட்டாள்: "பல்லு வெளக்கியாச்சுங்களா?"

செங்கோடன் பந்தலை அண்ணாந்து பார்த்தார்.